இலைவண்டிக்கு ஒரு பாலாலயம்

ஆனந்தவள்ளிக்கு அந்தப் பெயர் என் அத்தையிடமிருந்து வந்தது. என் அப்பாவுக்கு ஒரே அக்கா அவர். லால்குடிக்கு வடக்கே தாழைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மயிலம்மாள், இளையவன் முருகானந்தம். மயிலம்மாளை வாய்க்காலுக்கு இக்கரையில் வடுகமேட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் தனக்குப் பெண் பிறந்ததும் அம்மா பெயரையே வைத்தாள். பெயரோடு குணமும் சேர்ந்து வந்துவிட்டது என்று எங்கள் சனத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். என் அத்தைக்கு ‘இல்லை’, ‘மாட்டேன்’ இரண்டும் வாயில் வராது. அவர் வீட்டு ஏணி எந்நாளும் அடுத்தவர் சுவரில்தான் சாய்ந்திருக்கும்.

பேத்தியும் அதே அச்சு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் வரைந்து கொடுத்துவிட்டு, தன் படத்தை முடிக்காமல் அடி வாங்கியவள். திருச்சியில் கம்ப்யூட்டர் படித்தாள். கடைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிற ஓர் ஆபீஸ் தில்லை நகரில் இருந்தது, அதில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் மாதவனைக் கட்டிக்கொண்டாள். ஆபீசில் யார் லீவு போட்டாலும் அந்த வேலை இவள் மேசைக்குத்தான் வரும். “நம்ம வள்ளி பார்த்துக்கும்” என்பார்கள். அவளும் பார்த்துக்கொள்வாள்.

அவள் இலைவண்டி செய்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் மழையில் ஆரம்பிக்க வேண்டும்.

வடுகமேட்டில் வாழை போடுவது இலைக்காக. பெண்கள் மத்தியானத்துக்கு மேல் இலை அறுத்து, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி வைப்பார்கள். விடிவதற்கு முன் ரோட்டு முனையில் கொண்டுபோய் நிற்பார்கள். அடைக்கலம் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போவான். எந்த முனையில் யார் நிற்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. எல்லா முனைக்கும் போனால் மார்க்கெட்டுக்கு நேரமாகிவிடும். போகாவிட்டால் யாராவது விட்டுப்போவார்கள். ஒரு கார்த்திகை மாதத்தில் மயிலம்மாள் புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றாள். வண்டி வேறு வழியில் போய்விட்டது. அந்த வாரம் ஊருக்கு வந்த ஆனந்தவள்ளி கொட்டகையில் மாடு நுனி இலை தின்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள்.

“மாட்டுக்கு இன்னிக்குக் கல்யாண விருந்துடி, சோறு மட்டும்தான் இல்லை” என்றாள் மயிலம்மாள்.

ஸ்ரீரங்கம் திரும்பியவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த ஆப்பைச் செய்தாள். அதில் இரண்டே பொத்தான். ‘வரேன்’, ‘வரலை’. ‘வரேன்’ என்றால் எந்த முனை, எத்தனை கட்டு என்று கேட்கும். அடைக்கலத்தின் போனில் அது வரிசையாகத் தெரியும். வேறொன்றும் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் அது வசப்பட்டது. பேரே ‘இலைவண்டி’.

ஒருவர் கணக்கில் இன்னொருவர் நுழையாமல் இருக்க, ஆளாளுக்கு நாலு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் வைத்துக்கொள்ளச் சொன்னாள் ஆனந்தவள்ளி. அந்த வேலையை ஜோதி எடுத்துக்கொண்டாள். ஜோதி அவளுடைய அண்ணன் பெண்டாட்டி, மகளிர் குழுத் தலைவி. ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்கள் போனையெல்லாம் வாங்கி வாங்கி எண் போட்டுக் கொடுத்தாள். மறந்து போகாத எண்ணாக இருக்க வேண்டும் அல்லவா? கோயில் குடமுழுக்கு நடந்த வருஷம் இரண்டாயிரத்துப் பதினாலு. ஊரில் அதை யார் மறப்பார்கள்? எல்லோருக்கும் அதையே போட்டுவிட்டாள். அதில் ஒரு வசதியும் இருந்தது. மயிலம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரி அவளுக்காக அமுக்கிவிடுவாள். புழங்குவது பத்துப் பேர், பத்துப் பேரும் பங்காளி, சம்பந்தி. யாருக்கு யார் திருடர்?

இது ஆனந்தவள்ளிக்குத் தெரியாது. அண்ணி போட்டுக் கொடுத்துவிட்டாள் என்றதும் “சரி அண்ணி” என்று விட்டுவிட்டாள்.

ஆப் நன்றாக ஓடியது. நன்றாக ஓடியதால்தான் வினை வந்தது.

முதலில் வாய்க்காலுக்கு அக்கரையில் தாழைக்குறிச்சி கேட்டது. தாய்மாமன் முருகானந்தம் கேட்கும்போது முடியாது என்பாளா? அடுத்து அதற்கடுத்த ஊர். பூக்காரர்கள் கேட்டார்கள், கீரைக்காரர்கள் கேட்டார்கள். ஜோதி அவர்களுக்கும் போனில் யோசனை சொன்னாள்: “உங்க ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் என்னைக்கு? அந்த வருஷத்தைப் போட்டுக்குங்க, மறக்கவே மறக்காது.” ஆனந்தவள்ளியோடு கல்லூரியில் படித்த இம்தியாஸ் வந்து சேர்ந்துகொண்டான். அவனுடைய அத்தா முகம்மது கனி காந்தி மார்க்கெட்டில் இலை மண்டி வைத்திருக்கிறார். மார்க்கெட் விலை தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் சொன்னார், விலை வந்தது. முகூர்த்த நாள் தெரிய வேண்டும் என்றார்கள், காலண்டர் வந்தது. யாரோ ராசிபலன் கேட்டார்கள். அதையும் போட்டாள்! பொங்கலுக்கு வாழ்த்து அனுப்ப, இலையைப் படம் பிடித்துப் போட, பேசி அனுப்ப, ஒன்று மாற்றி ஒன்று. கேட்டவருக்கெல்லாம் கொடுத்த என் அத்தை வீட்டு ஏணிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கொஞ்ச நாளில் ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “உன் ஆப்பு எந்திரிக்கிறதுக்குள்ள நான் குளிச்சிட்டே வந்துடுறேன்” என்று மயிலம்மாள் மகளிடமே சொன்னாள். ராசிபலனைச் சரி செய்தால் முனை பெயர் மாறிப்போகும். அதைச் சரி செய்தால் வேறெங்காவது கோணும். ஆனந்தவள்ளி ஆபீஸ் முடிந்து வந்து ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷம் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் எல்லா மண்டபமும் நிறைந்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வடுகமேட்டு இலை தருவதாகக் கனி பாய் வாக்குக் கொடுத்திருந்தார். ஊரே இலை அறுத்து, கட்டுக் கட்டி, முனையில் போய் நின்றது. வண்டி வரவில்லை. விடிந்தது, வெயில் ஏறியது, இலை ஓரம் சுருண்டது. வண்டி வரவேயில்லை.

மண்டபத்தில் கடைசி நேரத்தில் காகித இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தியில் உட்கார்ந்தவர், இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாராம். அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. பெண்ணைப் பெற்றவர் கனி பாயின் மண்டிக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுவிட்டுப் போனாராம். திட்டியிருந்தாலாவது தேவலை என்றார் கனி பாய்.

அடைக்கலத்தைப் பிடித்து உலுக்கினார்கள்.

“நான் என்னங்க பண்ணுவேன்? வடுகமேடு மொத்தமும் ‘வரலை வரலை’ன்னு காட்டுது. ஒரு ஊரே வரலைன்னா என்ன அர்த்தம்? பெரிய சாவு விழுந்திருக்குன்னு நெனச்சேன். எழவு விழுந்த ஊருக்குப் போன் போட்டு, ‘இலை ஏத்தணுமா’ன்னு கேக்கலாமா? மாலை வாங்கிக்கிட்டு மத்தியானமா வரலாம்னு இருந்தேன்.”

வாங்கிய மாலை வண்டியில்தான் இருந்தது, காட்டினான்.

ஊரில் ஒருவரும் ‘வரலை’ என்று போடவில்லை. அப்படியானால் போட்டது யார்?

அன்று சாயங்காலம் ஆனந்தவள்ளி மண்டிக்குப் போனாள். இலைக் கட்டு இல்லாமல் கழுவிவிட்ட தரை மாதிரி வெறிச்சென்று இருந்ததாம் மண்டி. இம்தியாஸ் டீ வாங்கிக் கொடுத்தான்.

“மனசை விட்டுடாத வள்ளி. பேர் வாங்கின ஆப் எல்லாம் இப்படித்தான். கூட்டம் வரும், கேக்குறது கூடும், சுமை கூடும், ஓட்டை விழும், எவனாவது உள்ள பூந்துருவான். இங்க ஒரு பிரியாணிக் கடை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? பத்து டேபிள் இருந்தப்ப என்ன ருசி! மாடி கட்டினாங்க, போச்சு. இது விதி. பெருசானா கெடும்.”

“அப்ப என்ன செய்யணும்ங்கிற?”

“ஓடுற வரைக்கும் ஓட்டு. இன்னும் ரெண்டு ஆளைப் போட்டு ஒட்டுப்போடு. வேற என்ன?”

“இல்ல, மூடிடலாம்னு இருக்கேன்” என்றாள். பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலம் முழுக்க அழுதுகொண்டே போனதாகப் பிறகு மாதவன் என்னிடம் சொன்னான். அவள் சொல்லவில்லை.

மறு ஞாயிறு வடுகமேட்டில் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். போனது கூட்டத்துக்காக இல்லை, கோயிலுக்காக. மாரியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆகிப் பன்னிரண்டு வருஷம் முடிந்ததால் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. பாலாலயம் செய்திருந்தார்கள். கருவறையைச் சாத்திவிட்டு, அம்மனை ஓர் அத்திப்பலகையில் ஆவாகனம் செய்து, பக்கத்திலேயே கீற்றுப் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள். மேலே கோபுரத்தில் சாரம் கட்டி, பழைய சுதையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பந்தலுக்கு முன்னால்தான் கூட்டம்.

மயிலம்மாளுக்கு ஏற்கெனவே கோபம். “ஆடி பொறக்கப் போவுது, காப்புக் கட்டு கிடையாது, தேர் கிடையாது. ஆத்தா கீத்துக் கொட்டாயில உக்காந்திருக்கா. ஊர் எப்படி வெளங்கும்?”

பூசாரி பந்தலுக்குள்ளிருந்தே பதில் சொன்னார். “வெளக்கு நின்னுச்சா, மயிலு? ஒரு வேளை படையல் நின்னுச்சா? ஜோடனையும் தேரும்தான் இல்ல. சின்ன எடத்துல அவளுக்கு வேணுங்கிறது மட்டும் நடக்குது. பெரிய எடத்தைப் பிரிச்சு வேலை பாத்தாத்தானே தண்ணி எங்க எறங்குதுன்னு தெரியும்? மேல பூசிக்கிட்டே போனா ஒரு நாள் கும்புடுறவன் தலையில விழும்.”

ஆனந்தவள்ளி கூட்டத்துக்கு நடுவில் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இலைக்காரர்களுக்குப் பெரியவரான அழகிரி ஆரம்பித்தார்.

“பாப்பா, நீ நம்ம வீட்டுப் பொண்ணு. ஆனா உன் ஆப்பு பொய் சொல்லிருச்சு. மறுபடியும் தரகனே தோட்டத்துக்கு வரட்டும், அவன் சொல்ற வெலைக்கே குடுத்துத் தொலைக்கிறோம்னு பாதிப் பேர் சொல்றாங்க. என்ன சொல்ற?”

“யாரோ உள்ள பூந்து போட்டிருக்காங்க பெரியப்பா. உங்க ரகசிய எண் வெளிய தெரிஞ்சாத்தான் அது முடியும்.”

ஜோதிக்குச் சுருக்கென்றது. “நாங்க யாருகிட்டயும் சொல்லல! இந்தா, என் எண்ணு ரெண்டாயிரத்துப் பதினாலு. செத்தாலும் வெளிய சொல்லமாட்டேன்.”

“இப்பதான் சொல்லிட்டியே அண்ணி.”

சிரிப்பு வந்தது. ஆனால் ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. “மத்தவங்களுக்கு என்ன எண்?” என்று மெதுவாகக் கேட்டாள். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எல்லாருக்கும் அதேதான்” என்றாள் மயிலம்மாள். “ஏன், நல்ல வருஷம்தானே?”

ஆனந்தவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் கோயில் சுவரில் கருங்கல் பலகை. அதில் குடமுழுக்கு நடந்த வருஷம் சாண் அளவுக்குச் செதுக்கி, மஞ்சள் பெயிண்டும் அடித்திருந்தது. ஊர் மொத்தத்துக்குமான சாவியை ரோட்டில் போகிறவன் படிக்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறது! அதற்குக் கீழே உபயதாரர் பெயர்கள். அந்தப் பெயர்களில் ஒன்றின் மேல் தலையைச் சாய்த்தபடி முருகானந்தம் நின்றிருந்தான். தாழைக்குறிச்சிக்காரன், அக்காவைப் பார்க்க வந்தவன் மாதிரி வந்திருந்தான். மொட்டை வெயிலில்கூட அப்படி வியர்க்காது அவனுக்கு.

மயிலம்மாளை விட எனக்கு அவள் தம்பியை நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவனை எனக்கும் என்னை அவனுக்கும் பேசியிருந்தார்கள். பொய் சொன்னால் காது மடலைத் தேய்ப்பான். தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான்.

“நாந்தான் போட்டேன்” என்றான்.

ஊர் எழுந்துவிட்டது. மயிலம்மாள் விளக்குமாறு தேடினாள். “கூடப் பொறந்தவடா நான்! என் இலையைச் சுருள விட்டியேடா பாவி!”

“மூணு முகூர்த்தமா என் இலை சுருண்டுச்சே, அப்ப எங்க போன அக்கா?” அவன் குரலும் ஏறியது. “ஆப்பு ‘வண்டி வருது, வண்டி வருது’ங்குது. நம்பி அறுத்துப் போட்டு நிக்கிறேன். வண்டி எங்க ஊருக்கு வரும்போது உங்க ஊர்க் கட்டு மேக்கூரை வரைக்கும் ஏறியிருக்கு. அடைக்கலம் கையைக் காட்டிட்டுப் போயிடுறான். கேட்டா, ஆப்புல இருக்குங்கிறான். ஒரு தடவையாவது வண்டி காலியா வரட்டும்னு போட்டேன். இம்புட்டு ஆகும்னு தெரியல.”

“காலியா வந்துச்சா மாமா?” என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

“எங்க வந்துச்சு? வழியில கீரைக்காரன் நெறைச்சுட்டான்.”

இந்தத் தடவை அழகிரியே சிரித்துவிட்டார். விளக்குமாறு கீழே இறங்கியது.

ஆனந்தவள்ளி மட்டும் பந்தலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்துப் பேர் நாளில் வண்டியில் எவ்வளவு பிடிக்கும் என்று ஆப்புக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை, அடைக்கலத்துக்குத் தெரியும். பத்துப் பேர் நாளில் எண் ஒன்றாயிருந்தாலும் குற்றமில்லை. அந்தக் கதவு அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இன்றைக்கும் இருந்தது, அதற்கு வெளியே தெருதான் நீண்டுவிட்டது. இவள் கதவைப் பார்க்காமல் சுவருக்கெல்லாம் ஜோடனை செய்துகொண்டிருந்துவிட்டாள். இதெல்லாம் அவள் எனக்குப் பிறகு சொன்னது. அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“பெரியப்பா, ஆடி முழுக்க எனக்குக் குடுங்க. நானும் பாலாலயம் பண்றேன். ‘வரேன்’, ‘வரலை’ ரெண்டு மட்டும் இருக்கும். மத்த எல்லாத்தையும் சாத்துறேன். உள்ள பிரிச்சு வேலை பாக்குறேன்.”

“ஆவணி மொத முகூர்த்தம்” என்றார் அழகிரி. “அன்னிக்கு இலை போய்ச் சேரலேன்னா தரகனுக்குச் சொல்லி விட்டுருவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

ஊருக்கு ‘சரி’ சொல்வது அவளுக்குச் சுலபம். கஷ்டம் அதற்கப்புறம்தான் இருந்தது. காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் கனி பாயிடம் சொல்ல வேண்டும். தகப்பன் மாதிரி நடத்துகிறவர். அவளால் வாக்குத் தவறித் தலை குனிந்தவர். மண்டிக்கு வெளியே நின்று துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாளாம். அவரே கூப்பிட்டார்.

“வாம்மா வள்ளி. அம்மா சொகமா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். விலை போடுறியே, அதை மட்டும் எடுத்துடாதம்மா. மார்க்கெட்டே அதைப் பாத்துத்தான் நடக்குது.”

அவள் துப்பட்டா நுனியைக் கையிலிருந்து விட்டாள்.

“மாட்டேன் அத்தா.”

“எடுக்கமாட்டியா?”

“இல்ல அத்தா. வெச்சிருக்க மாட்டேன்.”

இம்தியாஸ் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தானாம். அவள் வாயில் அந்தச் சொல்லை அவன் கல்லூரியிலும் கேட்டதில்லை. “வளர்றதை யாராவது வெட்டுவாங்களா வள்ளி?” என்றான்.

“பக்கக்கன்னு எடுக்காம நோஞ்சானாப் போன வாழையைப் பாத்திருக்கியா? எங்க ஊருக்கு வா, காட்டுறேன்.”

கனி பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “கேக்குறவன் கேட்டுக்கிட்டுத்தாம்மா இருப்பான். நான் கேட்டதும் அதுல ஒண்ணு. எனக்கு என்ன வேணும்? இலை வரணும். அதை மட்டும் செய், அல்லாஹ் பாத்துக்குவான்.” பிறகு மகனைப் பார்த்து, “நீ என்ன நின்னு பாக்குற? உனக்கும் அதே படிப்புதானே? போய்க் கூட வேலை பாரு” என்றார்.

ஆடி மாதம் முழுக்க அவர்கள் செய்த வேலையை எனக்கு விளங்குகிற மாதிரி மாதவன் சொன்னான். ஆனந்தவள்ளி காவல்காரி, இம்தியாஸ் திருடன். அவள் ஒரு கதவு செய்வாள், அவன் அதை உடைப்பான். உடைந்த இடத்தை அவள் சரி செய்வாள். பதினெட்டாம் பெருக்கு அன்று தெருவே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இந்த இருவரும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, “பூந்துட்டேன்!”, “எப்படிப் பூந்த?” என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டம்மாள் வந்து வீட்டில் பாம்பா என்று கேட்டாராம்.

“இன்னொரு திருடன் இருந்தா நல்லா இருக்கும்” என்றானாம் இம்தியாஸ்.

“எங்க மாமா இருக்காரு. அனுபவசாலி” என்றாள் அவள்.

முருகானந்தம் முதலில் கோபித்துக்கொண்டான். பிறகு வந்தான், வந்தவன் விடவில்லை. அக்கா பெயரில் நுழைந்து பார்த்தான், அழகிரி பெயரில் நுழைந்து பார்த்தான். போனைத் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொல்லிப் புது எண் வாங்கப் பார்த்தான். அந்த ஓட்டை இம்தியாசுக்கே தோன்றாதது. அதைக் கேள்விப்பட்டு மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒழுகும் வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் பாத்திரம் வைப்பதுபோல, இங்கே இப்படி ஆகிறது, அங்கே அப்படி ஆகிறது என்று ஆனந்தவள்ளிக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பத்துப் பேர் மட்டும் புழங்கியிருந்தால் பாதி ஓட்டை யார் கண்ணிலும் பட்டிருக்காது. கூட்டம் சேர்ந்தால் கெடும் என்ற இம்தியாசே, “கூட்டத்துக்குக் கண்ணும் நிறைய இருக்கு, வள்ளி” என்று ஒப்புக்கொண்டான். ராசிபலன் போச்சே என்று ஓர் ஊர் மொத்தமும் கோபித்துக்கொண்டு விலகியது. அவள் போய்க் கெஞ்சவில்லை. போனவர்கள் போகட்டும் என்று விட்டாள். அதுவும் அவளுக்குப் புதிது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். இன்னும் இலை அறுக்கவில்லை, மத்தியானச் சோறு நேரம். ஆனந்தவள்ளிக்கு முருகானந்தத்திடமிருந்து போன்.

“என்ன வள்ளி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? ‘வரேன்’னு போட்டேன். ‘இடம் இல்லை’ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுது! இதுக்கா ஒரு மாசம் திருடனா ஒழைச்சேன்?”

“உண்மையாவே இடம் இல்ல மாமா. இப்ப வண்டி எவ்வளவு தாங்கும்னு அதுக்குத் தெரியும். வடுகமேட்டோட நெறைஞ்சுபோச்சு.”

“அப்ப என் இலை?”

“அறுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“பாத்தீங்களா? முன்னாடின்னா அறுத்துப் போட்டு, காலையில ரோட்டுல நின்னு, வண்டி போனப்புறம் தெரிஞ்சிருக்கும். இப்ப மத்தியானமே தெரிஞ்சுபோச்சு. இருங்க, அடைக்கலம் அண்ணனைக் கூப்பிடுறேன்.”

அடைக்கலத்தின் மச்சானிடம் இன்னொரு குட்டியானை உண்டு. சாயங்காலத்துக்குள் பேசி முடித்தார்கள். தாழைக்குறிச்சிக்கு ‘இடம் உண்டு’ என்று வந்ததும்தான் முருகானந்தம் அரிவாளை எடுத்தான்.

மறுநாள் விடியும்போது அவள் தூங்கவில்லை, மாதவனும் தூங்கவில்லை. போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலை டீ நேரத்துக்கு இம்தியாசின் போன் வந்தது. மார்க்கெட் இரைச்சல் மட்டும் கேட்டது. சுமைக்காரர்கள் “வழி, வழி” என்கிறார்கள். இலைக் கட்டு தரையில் விழும் சத்தம், தொம் தொம்மென்று, ஒன்றன் பின் ஒன்றாக. அப்புறம் கனி பாய் குரல்: “ரெண்டு ஊரும் வந்துடுச்சு, மாஷா அல்லாஹ். வள்ளியைத் தூங்கச் சொல்லுடா.”

அவள் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனை வைத்தாளாம். தரகருக்குச் சொல்லி விடும் பேச்சு அத்தோடு நின்றது. விலை, காலண்டர் இரண்டும் சில மாதம் கழித்து வரலாம் என்கிறாள், ஒவ்வொன்றாக, திருடர்கள் உடைத்துப் பார்த்த பிறகு. ராசிபலன் வராதாம்.

அதே ஆவணியில் மாரியம்மனுக்குக் குடமுழுக்கு நடந்தது. சாரம் பிரித்த கோபுரம் கண்ணைப் பறித்தது. கலச நீர் எங்கள் எல்லோர் மேலும் தெளித்து முடிந்ததும், கோயில் வாசலில், பழைய இடத்திலேயே, ஜோதி உட்கார்ந்தாள். ஆடியில் ஆனந்தவள்ளி தற்காலிகமாகக் கொடுத்திருந்த எண்ணை மாற்றி, ஆளாளுக்குப் புது எண் வைக்க வேண்டும். இந்தத் தடவை யார் போனையும் அவள் வாங்கக்கூடாது என்பது ஆனந்தவள்ளியின் கண்டிப்பு. சொல்லிக் கொடுக்கலாம், தொடக்கூடாது.

ஜோதி முதலில் தன் போனில் இந்த வருஷத்தைப் போட்டாள். ஆப் ஏற்கவில்லை. கல்யாண வருஷத்தைப் போட்டாள். ஏற்கவில்லை. மகன் பிறந்த வருஷம். அதுவும் இல்லை.

“வள்ளி, இதுக்கு என் மேல என்ன கோவம்? எதைக் குடுத்தாலும் மாட்டேன்னுது!”

“எந்த வருஷத்தைப் போட்டாலும் மாட்டேன்னுதான் சொல்லும் அண்ணி. உனக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது போடு.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சதா?” ஜோதி திகைத்துவிட்டாள். அந்த ஊரில் அப்படி ஒன்று யாரிடம் இருக்கிறது? வெகுநேரம் யோசித்தாள். அப்புறம் ஏதோ தோன்றிச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மாமியார் எட்டிப் பார்த்தாள்.

“அத்தே, அந்தப் பக்கம் பாருங்க.”

“ஏன்டி, எனக்குத் தெரியாம அப்படி என்ன?” என்று மயிலம்மாள் முணுமுணுத்தாள். ஆனாலும் திரும்பிக்கொண்டாள். திரும்பினவள் தன் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக அமுக்கினாள். நான் பார்க்கிறேனா என்று ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

சுவரில் பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதுக்கல் பதித்திருந்தார்கள். முருகானந்தம் அதன் முன்னால் நின்று தன் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

“நல்லாப் படிச்சுக்குங்க மாமா” என்று சத்தம் போட்டாள் ஆனந்தவள்ளி. “மேல வருஷம்கூடப் போட்டிருக்கு.”

“போடி இவளே” என்றான் அவன். காதைத் தேய்க்கவில்லை.